புற்றிலும் பனையிலும் என்ன படிக்கலாம்?

பாளையங்கோட்டையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இயற்கையைப் பார்த்து உருவான தொழில்நுட்பம் பற்றி புராஜெக்ட் செய்ய ஆசை. தேடினால் மீன்கொத்தியும் புல்லட் ரயிலும், தாமரை இலையும் பெயின்ட்டும் என்று அதே கதைகள்தான் வருகின்றன. இதெல்லாம் நிஜமாகவே வேலை செய்கிறதா? மருத்துவத்துக்கு உதவுகிறதா? நம்ம ஊரிலிருந்து என்ன செய்ய முடியும்?"

தம்பி, உங்கள் மூன்றாவது கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதல் இரண்டையும் பேசாமல் அதற்கு வர முடியாது. எலும்பு முறிவுக்கு வைக்கும் உலோகப் பட்டைகள் சம்பந்தப்பட்ட வேலையில் பல வருடம் இருந்தவன் நான். அதனால் மருத்துவப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

நீங்கள் படித்த கதைகள் பொய்யில்லை. சுருக்கிச் சுருக்கிச் சொன்னதில், அவற்றுக்குள் இருந்த வேலை மறைந்துபோய்விட்டது. ஜப்பானின் ஷின்கான்சென் ரயில் சுரங்கத்துக்குள் வேகமாக நுழையும்போது முன்னால் இருக்கும் காற்று நெருக்குண்டு, மறுமுனையில் வெடிச்சத்தமாக வெளிவரும். பக்கத்து ஊர்க்காரர்கள் தூங்க முடியாமல் புகார் செய்தார்கள். பொறியாளர் எய்ஜி நாகாட்சுவுக்குப் பறவை பார்க்கும் பழக்கம் உண்டு. தடை குறைந்த இடத்திலிருந்து தடை மிகுந்த இடத்துக்குச் சட்டென்று பாயும் உயிர் எது என்று யோசித்தார். காற்றிலிருந்து தண்ணீருக்குள் பாயும் மீன்கொத்தி நினைவுக்கு வந்தது. அப்புறம் பல மூக்கு வடிவங்களைச் செய்து சோதித்து, கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் 1997-இல் 500 வரிசை ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. முதலில் கையில் இருந்தது சிக்கல். பறவை பிறகு வந்தது.

தாமரையும் அப்படித்தான். ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் மின்னணு நுண்ணோக்கியில் இலைகளைப் பார்க்கத் தொடங்கியது 1970-களில். உலகம் திரும்பிப் பார்த்த கட்டுரை 1997-இல் வந்தது, சுவர்ப் பூச்சு 1999-இல் கடைக்கு வந்தது. குளத்துத் தாமரை வேண்டாம், வாய்க்கால் ஓரத்துச் சேம்பு இலையே போதும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வழவழப்பாகத் தெரியும் அந்த இலைமேல் மைக்ரான் அளவில் மேடுகள், மேட்டின்மேல் அதைவிடச் சிறிய மெழுகுத் துணுக்குகள். சொட்டு அந்த நுனிகளை மட்டும் தொட்டு நிற்கும், உருளும்போது தூசியை வாரிக்கொண்டு போகும். மெழுகு தேய்ந்தால் இலை மறுபடி சுரந்துகொள்ளும். நாம் அடித்த பூச்சால் அது முடியாது. உராய்ந்தால் தேய்ந்துபோவதுதான் இந்தப் பூச்சுகளுக்கு இன்றைக்கும் தீராத தலைவலி. உயிருள்ளது தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும் என்பதை மறந்துவிட்டு வடிவத்தை மட்டும் நகலெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இதைவிட முக்கியமான கதை ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் ஊர் முழுக்கச் சொல்லப்படுவதில் பாதி தவறு. அது தெளிவானதில் நம் நாட்டுப் புற்றுக்கும் பங்கு உண்டு.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996-இல் ஈஸ்ட்கேட் என்ற பெரிய வணிகக் கட்டடம் திறக்கப்பட்டது. வழக்கமான ஏ.சி. கிடையாது. கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் கறையான் புற்றைப் பார்த்து அதை வடிவமைத்தார் என்று படித்திருப்பீர்கள். கட்டடம் உண்மை, நன்றாகவே இயங்குகிறது. கனத்த கான்கிரீட் பகல் வெக்கையை உள்வாங்கிக்கொள்ளும். இரவில் விசிறிகள் குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்து அந்தச் சூட்டை வெளியே தள்ளிவிடும். ஆனால் புற்றைப் பற்றி அப்போது நம்பப்பட்டது 1960-களின் விளக்கம். கூட்டத்தின் உடற்சூட்டில் காற்று மேலேறி, ஓரங்களில் குளிர்ந்து கீழிறங்கி, கூட்டை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கிறது என்பார்கள். நமீபியாவில் புற்றுகளை அளந்துவந்த ஸ்காட் டர்னரும் அவரோடு ரூபர்ட் சோரும் 2008-இல் இதை மறுத்து எழுதினார்கள். கூட்டின் வெப்பம் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்தைப் பின்பற்றித்தான் ஏறி இறங்குகிறது. தரைக்கு மேல் எழும் புற்றின் முதல் வேலை மூச்சு விடுவது. பூச்சிக் கூட்டமும் அது வளர்க்கும் காளானும் விடும் கரியமில வாயுவை வெளியேற்றும் நுரையீரல் அது.

அது எப்படி மூச்சு விடுகிறது என்பதை 2015-இல் ஹன்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, எல். மகாதேவன் மூவரும் காட்டினார்கள். மகாதேவன் சென்னை ஐஐடியில் படித்து ஹார்வர்டில் பேராசிரியரானவர். அவர்கள் அளந்தது பெங்களூருப் பக்கத்துப் புற்றுகளை, ஓடன்டோடெர்மஸ் ஒபீசஸ் என்ற கறையான் கட்டியவை. நம் விளைகளிலும் பொத்தை அடிவாரங்களிலும் நிற்கும் புற்றுகளிலும் இந்த வகை உண்டு. அடுத்த முறை ஒன்றைப் பார்த்தால் பக்கவாட்டைக் கவனியுங்கள். மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாகப் புடைத்திருக்கும். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒடுங்கிய வெற்றிடம், நடுவில் அகலமான ஒரு குழாய். வெயில் ஏறியதும் மெல்லிய மடிப்புகள் முதலில் சூடாகும். காற்று அவற்றின் வழியாக ஏறி நடுக்குழாயில் இறங்கும். இரவில் மடிப்புகள்தான் முதலில் குளிரும், ஓட்டம் திசை திரும்பிவிடும். நொடிக்குச் சில சென்டிமீட்டர் ஓட்டம்தான். அதை அளக்க அவர்கள் தனியாக ஒரு கருவியே செய்ய வேண்டியிருந்தது. வெளிச்சுவர் அடைத்த மாதிரி தெரிந்தாலும் நுண்துளைகள் நிறைந்தது, வாயு கசிந்து போகும். பகலில் சேரும் கரியமில வாயு இரவில் வெளியேறிவிடுகிறது. விசிறி கிடையாது, கரன்ட் கிடையாது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு ஒன்றே போதும்.

சரி, இதை நம் ஊரில் எப்படிப் பயன்படுத்துவது? ஹராரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே இரவு நன்றாகக் குளிரும். திருநெல்வேலியில் மே மாத இரவு 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஈஸ்ட்கேட்டை அப்படியே கொண்டுவந்து வண்ணாரப்பேட்டையில் நட்டுவைத்தால் அதே குளிர்ச்சி கிடைக்காது. ஆனால் ஈரமும் வாயுவும் தேங்கும் மூடிய தானியக் கிடங்கில், வெயில் படும் மெல்லிய வெளிச்சுவர், நடுவில் ஒரு குழாய், இரண்டுக்கும் இடையே நாள்தோறும் திசை மாறும் ஓட்டம் என்று ஒருவர் சிறு மாதிரி செய்து அளந்தால் அது உருப்படியான வேலை. எனக்கு நம்பிக்கை இருப்பது புற்றின் காற்றோட்டத்தில்தான், குளிர்ச்சியில் இல்லை.

காற்றாலை பற்றி ஒரு வார்த்தை. ஆரல்வாய்மொழி, பணகுடி, ராதாபுரம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் தினமும் அவற்றைப் பார்க்கிறார்கள். ஆந்தை சத்தமில்லாமல் பறப்பதற்கு அதன் இறகின் முன் விளிம்பில் சீப்புப் பற்கள், பின் விளிம்பில் தொங்கல், மேலே வெல்வெட் மாதிரி மயிர் என்று மூன்று காரணங்களை கிரஹாம் என்ற ஆங்கிலேயர் 1934-லேயே குறித்து வைத்தார். இன்றைக்குக் காற்றாலை இறக்கைகளின் பின் விளிம்பில் ரம்பப் பல் பட்டைகளை ஒட்டி இரைச்சலைக் குறைக்கிறார்கள். இது கடையில் விற்கும் பொருளாகவே ஆகிவிட்டது, அதனால் புராஜெக்ட்டுக்குப் புதுசு இல்லை.

இனி மருத்துவம்.

மழைக்கு முன்னால் வயல்மேல் தாழப் பறக்குமே தட்டான், அதன் இறக்கையிலும் சிள்வண்டின் இறக்கையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் எலெனா இவனோவாவின் குழு 2012-இல் சிள்வண்டு இறக்கைமேல் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவை விட்டது. மருத்துவமனைத் தொற்றுகளில் பெயர்போன கிருமி அது. இறக்கையில் படிந்தது, சில நிமிடங்களில் செத்தது. இறக்கையின் மேல் ஏதாவது ரசாயனம் இருக்கிறதோ என்ற சந்தேகம் யாருக்கும் வரும். அதனால் இறக்கைக்கு மிக மெல்லிய தங்கப் பூச்சுக் கொடுத்தார்கள். மேல் ரசாயனம் முழுக்க மாறிவிட்டது, வடிவம் மாறவில்லை. அப்போதும் பாக்டீரியா செத்தது. இந்த ஒரு சோதனைக்காகவே அந்தக் கட்டுரையை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும். கொன்றது சுமார் 200 நானோமீட்டர் உயரமுள்ள தூண்களின் வரிசை. படிந்த பாக்டீரியாவின் உறை தூண்களுக்கு இடையில் இழுபட்டுக் கிழிகிறது என்பது அவர்கள் விளக்கம். சிள்வண்டு இறக்கை தடித்த உறையுள்ள பாக்டீரியாக்களிடம் தோற்றது. 2013-இல் தட்டான் இறக்கையும், அதே மாதிரி முள்முள்ளாகச் செய்த கறுப்பு சிலிக்கானும் இரண்டு வகையையும் கொன்றன.

இது ஏன் எங்களுக்குப் பெரிய விஷயம் என்றால், இடுப்பிலோ முழங்காலிலோ வைத்த உலோகத்தின்மேல் கிருமி ஒருமுறை படலம் கட்டிவிட்டால் ஆன்டிபயாடிக் அதற்குள் சரியாகப் போகாது. பல நேரம் உலோகத்தையே வெளியே எடுக்க வேண்டி வரும். ஒரு மூட்டு மாற்றுக்கே கடன் வாங்கி வந்த குடும்பம் இரண்டாவது அறுவைக்கு எங்கே போகும்? மருந்தில்லாமல் மேற்பரப்பே கொல்லுமென்றால், மருந்துக்குப் பழகிப்போன கிருமியும் தப்ப முடியாது. டைட்டானியத்தைக் காரக் கரைசலில் சூடாக்கி இப்படி நுண்முட்களை வளர்க்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் செத்த கிருமிகளே தூண்களை மூடிவிடுவது, சுத்தியால் தட்டி எலும்புக்குள் இறக்கும்போது முட்கள் ஒடிவது என்று தாண்ட வேண்டியவை இன்னும் இருக்கின்றன. உவரியில் மீன் இறக்குகிறவர்களைக் கேட்டால் சுறாத்தோல் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், திருப்பித் தடவினால் கையைக் கிழிக்கும் என்பார்கள். அந்தத் தோலைப் பார்த்து ஃபுளோரிடாவின் அந்தோணி பிரென்னன் உருவாக்கிய வரிமேடுகள் கிருமியைக் கொல்வதில்லை, படிந்து பரவவிடாமல் தடுக்கின்றன. அது வேறு வழி.

பல்லியின் பாதம் எல்லாக் கட்டுரையிலும் வரும். காலுக்கு ஐந்து லட்சம் நுண்மயிர், அவை ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்காகப் பிளந்து, சுவரோடு மிக நெருங்கும்போது உண்டாகும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பில் ஒட்டுகிறது என்று கெல்லர் ஆட்டமின் குழு 2000-த்திலும் 2002-இலும் நிறுவியது. 2008-இல் ராபர்ட் லாங்கரும் ஜெஃப்ரி கார்ப்பும் உடலுக்குள் கரைந்துபோகும் ஒட்டுப் பட்டை ஒன்றில் அந்த மயிர்களைப் போன்ற நுண்மேடுகளை வைத்தார்கள். ஈரத்தில் மேடு மட்டும் பிடிக்கவில்லை, மேலே சர்க்கரைச் சேர்மப் பசை ஒன்றும் தடவ வேண்டியிருந்தது. ரத்தம் கசியும் இடத்துக்கு நத்தை இனம்தான் பொருத்தம். ஓடில்லாத ஒரு ஐரோப்பிய நத்தையின் கோழையைப் பின்பற்றி ஹார்வர்டில் 2017-இல் செய்த பசை, ரத்தம் பூசிய பன்றி இதயத்திலும் ஒட்டி நின்றது. ஒட்டும் அடுக்கு தனி, இழுத்தால் விசையை வாங்கிக்கொள்ளும் ஜெல் அடுக்கு தனி. இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

வடிவத்தை விட்டு மூலக்கூறுக்குப் போனால் நம் பக்கத்துச் சாட்சி ஒன்று உண்டு. வறண்ட பாறைக்காட்டில் ரம்பம் அறுக்கும் சத்தம் எழுப்பிச் சுருண்டு கிடக்கும் சுருட்டை விரியன். கடித்தால் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும். அதன் விஷத்தில் உள்ள எக்கிஸ்டாட்டின் என்ற சிறு புரதம், ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று பிணைவதைத் தடுக்கிறது. அது தட்டில் போய்ப் பொருந்தும் மூன்று அமினோ அமிலப் பகுதியைப் பார்த்து, அதே இடத்தில் பொருந்தும் சிறிய மூலக்கூறாக டைரோஃபைபன் என்ற மருந்தை வடிவமைத்தார்கள். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, மாரடைப்பு சிகிச்சையில் பயன்படுகிறது. மருந்தில் விஷம் ஒரு துளியும் இல்லை, அதன் பொருத்தம் மட்டும்தான் இருக்கிறது.

பொதிகை மலை இருக்கும்போது மூலிகை பக்கம் போகலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். போவதற்கு முன் ஒரு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1987-இல் அகத்திய மலையின் கேரளப் பக்கம் போன தாவரவியலாளர் புஷ்பாங்கதன் குழுவுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள் என்ற மலைப் பழங்குடியினர் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் ஏறினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. 1990-களில் உற்பத்தி உரிமம் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்குப் போனது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அதற்கு ஒரு அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுக்க முன்மாதிரியாகப் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதும்தான். ஆனால் அந்த அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. மலைக்கு இந்தப் பக்கம், பாபநாசத்துக்கு மேலே காரையாறிலும் சேர்வலாற்றிலும் இருப்பவர்களும் அதே காணி மக்கள்தான், அதே அறிவுக்கு உரியவர்கள்தான். இது எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு இலையும் எடுக்க முடியாது. காணிக்காரர் ஒருவர் சொன்னதை வைத்து வேலை தொடங்குவதென்றால் அவர் சம்மதமும் பங்கும் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டுப் புராஜெக்ட்டுக்கு இது தாங்காது.

உங்களுக்கு நான் சொல்வது பனை. காடு வேண்டாம், நானோ ஆய்வகம் வேண்டாம், உங்கள் கல்லூரியில் இருக்கும் இழுவிசைச் சோதனை இயந்திரம் போதும்.

பழைய ஓட்டு வீடு இடிக்கும் இடத்தில், கூரையைத் தாங்கிய பனஞ்சட்டமான பனங்கை ஒன்றை எடுத்து அறுத்த முகத்தைப் பாருங்கள். வெளி ஓரத்தில் கறுப்பு நார்கள் நெருக்கியடித்து நிற்கும், உள்ளே போகப் போக இடைவெளி விட்டு, நடுவில் விரலால் நோண்டினால் வரும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். அந்த நடுப்பகுதியைக் கோதி எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் விடும் தோணியாக அந்தக் காலத்தில் போட்டார்கள். பனைக்கு மற்ற மரங்களைப் போல் ஆண்டு வளையம் கிடையாது, தண்டு பருத்துக்கொண்டே போகாது. வயதாக ஆக இருக்கிற நார்களின் சுவர்கள்தான் தடித்து இறுகுகின்றன. வளையும் தண்டில் விசை மிகுதியாக இருப்பது வெளி ஓரத்தில், நடுவில் அநேகமாக ஒன்றுமில்லை. பொருளும் அந்தக் கணக்கிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஆடி மாதக் காற்றில் தேரிக்காட்டுப் பனை நிற்பதன் ரகசியத்தில் இது முக்கியமானது.

இதற்கும் எலும்புக்கும் உள்ள உறவுதான் என் துறை. எலும்பும் வெளியே கெட்டி, உள்ளே கடற்பஞ்சு. சுமை விழும் இடத்தில் தடிக்கும், விழாத இடத்தில் கரையும் என்று ஜூலியஸ் வுல்ஃப் 1892-இல் எழுதினார். கெட்டி எலும்பின் விறைப்பு சுமார் 20 ஜிகாபாஸ்கல், நாம் வைக்கும் டைட்டானியக் கலவைக்கு 110. விறைப்பான உலோகம் சுமையைத் தானே வாங்கிக்கொள்ளும், பக்கத்து எலும்பு வேலையில்லாமல் மெலியும், சில வருடத்தில் உலோகம் ஆடத் தொடங்கும். அதனால்தான் இப்போது முப்பரிமாண அச்சில் துளைகளுள்ள டைட்டானியம் செய்து விறைப்பைக் குறைக்கிறார்கள். துளைகளை எங்கே நெருக்கமாக, எங்கே அகலமாக வைப்பது என்பதில் வேலை இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. பனை அதற்கு ஒரு விடையைக் காட்டுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், அதனால் விழுந்த மரமோ பழைய கட்டையோ பாருங்கள். வெளி ஓரத்திலிருந்து நடு வரை வரிசையாகச் சம அளவுச் சட்டங்கள் அறுத்து, எந்தச் சட்டம் எந்த இடத்தில் இருந்தது, வேர்ப்பக்கமா நுனிப்பக்கமா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுப்பில் உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். ஈரத்தை விட்டுவிட்டால் அத்தனை எண்ணும் வீண். மூன்று புள்ளி வளைவுச் சோதனையில் ஒவ்வொன்றின் விறைப்பையும் எடுத்து, அடர்த்திக்கு எதிராக வரையுங்கள். அப்புறம் அந்த வளைகோட்டைப் பின்பற்றித் துளை மாறும் ஒரு பட்டையும், அதே எடையில் துளை சீராக இருக்கும் ஒரு பட்டையும் பிளாஸ்டிக்கில் அச்சடித்து வளைத்து ஒப்பிடுங்கள். சீரான பட்டை ஜெயித்தாலும் அதை அப்படியே எழுதுங்கள், அதுவும் முடிவுதான்.

கட்டை தேர்ந்தெடுக்கும்போது தனியாகப் போகாதீர்கள். திசையன்விளை, உடன்குடி பக்கம் பனைக் கட்டை அறுத்த வயசான ஆசாரிகளும் பனையேறிகளும் இன்னும் இருக்கிறார்கள். எந்த மரம் வைரம் பாய்ந்தது, எத்தனை அடி உயரம் வரை பனங்கை அறுக்கலாம் என்று அவர்கள் சொல்வதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு இயந்திரம் சொல்வதோடு ஒப்பிடுங்கள். எண்கள் வந்ததும் அனுப்புங்கள் தம்பி, எலும்புப் பக்கத்துக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.